ரூம், சாப்பாடு எல்லாம் ஓகே, நைட்டு எத்தன பேர் டூட்டின்னு மட்டும் கேக்காதீங்க

கோயமுத்தூர்ல ஊருக்கு கொஞ்சம் வெளிய தென்னந்தோப்புக்கு நடுவுல இருக்கிற ஒரு முதியோர் இல்லம், அவங்க பாஷைல 'அசிஸ்டட் லிவிங்'. பேர போடலிங்க, அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. சேர்த்து அஞ்சு மாசம் ஆச்சு. ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணு.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். ரூம் நீட்டா இருக்கு, பாத்ரூம்ல வழுக்காத டைல்ஸ், புடிச்சுக்க கம்பி எல்லாம் இருக்கு, பிசியோ சொன்ன நாள்ல கரெக்டா வர்றாரு. ரசம் தண்ணியா இருக்குன்னு அம்மாவுக்கு குறை, ஆனா எங்கம்மா யார் வச்ச ரசத்தையும் நல்லாருக்குன்னு சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல.

பிரச்சன ஆளுங்க விஷயத்துலதான். சேர்க்கறப்ப நான் கேட்டது ஒரே கேள்வி, நைட்டு எத்தன பேர் இருப்பாங்க, அதுல நர்ஸ் எத்தன பேர். மேனேஜர் "24 மணி நேரமும் நர்சிங் கேர் இருக்குங்க சார்"னு நோட்டீஸ்ல இருக்கறதயே படிச்சு காட்டினாரு. எண்ணிக்கை சொல்லுங்கன்னா "அது தேவைக்கு தகுந்த மாதிரி வரும்ங்க". மாசம் 48 ஆயிரம் கட்டறோம், கரண்டு பில்லுக்கு யூனிட் கணக்கு தனியா குடுக்கறாங்க, ஆள் கணக்கு மட்டும் வாயில வராது.

அங்க யூனிபார்ம் போட்ட எல்லாருமே 'சிஸ்டர்'தான். ஜிஎன்எம்னா மூணு வருஷம் நர்சிங் படிச்சவங்க, ஏஎன்எம்னா ரெண்டு வருஷம், ரெண்டு பேருமே நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணிருக்கணும், ஆனா ஏஜென்சி அனுப்பி போன வாரம் வந்து சேர்ந்த அட்டெண்டர் பொண்ணுக்கும் அதே நீல டிரஸ்தான், அப்ப அம்மாவுக்கு ராத்திரி இன்சுலின் போட்டது யாருன்னு நான் எப்படி தெரிஞ்சுக்கறது? ஆளும் நிக்கறதில்ல, மாசத்துக்கு ஒரு புது மொகம். பாவம் அந்த பிள்ளைங்கள குத்தம் சொல்லல, ஒடிசால இருந்து வந்து பன்னெண்டு மணி நேரம் டூட்டி பாக்கறாங்க. 78 வயசுல எங்கம்மா 'பானி'ன்னு ஹிந்தி கத்துக்கிட்டு தண்ணி கேக்கறாங்க, அதுல அவங்களுக்கு ஒரு பெருமை வேற.

மேட்டர் தெரிஞ்சது ரெண்டாவது மாசம். ஒரு நாள் பஸ் லேட்டு, போய் சேரவே ராத்திரி ஒம்பதர ஆயிடுச்சு. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அம்மாவால தானா திரும்பி படுக்க முடியாது, படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி விடணும், அதுக்கு கட்டில் ஓரத்துல ஒரு சார்ட் மாட்டிருப்பாங்க. சும்மா எடுத்து பாத்தேன். மணி ஒம்பதர, சார்ட்ல இனிமே வர வேண்டிய ராத்திரி 12 மணி, 2 மணி, 4 மணி எல்லாத்துக்கும் கையெழுத்து போட்டாச்சு, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வெளிய வந்து தேடினா ரெண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு பொண்ணு, பக்கத்து ரூம்ல ஒரு தாத்தாவுக்கு டயப்பர் மாத்திட்டு இருக்குது. நர்ஸ் எங்கன்னேன், "ஃபோன் கரோ தோ ஆயேகா"ன்னுச்சு, போன் பண்ணா வருவாங்களாம்.

எங்கக்கா அமெரிக்கால இருக்கா, அவகிட்ட பொலம்பினப்ப சொன்னா, அங்க நர்சிங் ஹோம்ல இன்னிக்கு எந்த ஷிப்ட்ல எத்தன நர்ஸ், எத்தன உதவியாளர், மொத்தம் எத்தன பேர் தங்கிருக்காங்கன்னு கண்ணுக்கு தெரியற இடத்துல தினமும் எழுதி ஒட்டியே ஆகணுமாம், சம்பள கணக்க வச்சு கவர்மெண்ட் அத நெட்லயும் போடுதாம். அதுக்காக அங்க தேனும் பாலும் ஓடுதுன்னு இல்ல, ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 3.48 மணி நேர கவனிப்பு கட்டாயம்னு 2024ல ரூல் போட்டாங்க, அடுத்த வருஷமே டெக்சாஸ் கோர்ட்டுல அது அடிபட்டு போச்சு. ஆனா ஆள் கம்மின்னாவது வீட்டுக்காரங்களுக்கு தெரியுது இல்லிங்களா. நம்ம ஊர்ல 2007ல வந்த மூத்த குடிமக்கள் சட்டம் பெத்தவங்களுக்கு ஜீவனாம்சம், மாவட்டத்துக்கு ஒரு இல்லம்னு சொல்லுது, தனியார் இல்லத்துக்கும் பதிவு, தரம் எல்லாம் வேணும்னு 2019ல லோக்சபால ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, அது சட்டமாவே ஆகல.

சார்ட்ட போட்டோ எடுத்துட்டு போய் மேனேஜர் முன்னாடி வச்சேன். மொதல்ல "ரைட்டிங் மிஸ்டேக் சார்"னாரு, முதியோருக்கான உதவி நம்பர் 14567 எல்டர் லைனுக்கு பேசட்டுமான்னு கேட்டதும் எறங்கி வந்தாரு. இப்ப நைட் டூட்டில ஒரு ஏஎன்எம், மாடிக்கு ஒரு அட்டெண்டர், தினமும் எட்டு மணிக்கு ரோஸ்டர, அதான் யார் யார் டூட்டிங்கற லிஸ்ட்ட, போட்டோ எடுத்து வீட்டுக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போடணும்னு பேச்சு. மூணாவது ஸ்டார் அதுக்குத்தான்.

நீங்க இடம் பாக்க போனா பகல் பதினோரு மணிக்கு அவங்க கூப்பிடறப்ப போகாதீங்க, ராத்திரி சொல்லாம போங்க, கட்டில்ல மாட்டின சார்ட்ட கேட்டு வாங்கி பாருங்க.

போன ஞாயித்துக்கெழம ரோஸ்டர் வரல. போன் போட்டேன், எடுத்தது வாச்மேன்.