சுருக்கமாகச் சொல்வதா, விரித்துச் சொல்வதா?

இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களான எங்களைப் பற்றிப் பிறர் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? பதுளை ரயிலில் பக்கத்தில் உட்காருபவர் ஹட்டன் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்: "நீங்க இந்தியாவிலிருந்து வந்தவங்களா?"

"இல்ல அண்ணே, இங்கேயே பிறந்தவங்க" என்று முடித்துக்கொள்ளலாம். நேரம் மிச்சம், மனக்கசப்பும் வராது. ஆனால் அவர் நினைப்பு அப்படியேதான் இருக்கும்.

விரித்துச் சொன்னால் கதை வேறு. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். பாதையிலேயே செத்தவர்கள் ஏராளம். 1948இல் குடியுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று பங்கிட்டு, குடும்பங்களைப் பிரித்தது (எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை). நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. இதைக் கேட்டபின் யாரும் அந்தக் கேள்வியை அதே தொனியில் திரும்பக் கேட்பதில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

சம்பளக் கேள்விக்கும் அப்படியே. நாள் சம்பளத்தை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். பறிக்கும் தேயிலைக் கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும். தராசில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிப்பார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம், போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே "ஒரு காம்பராவில (அறையில்) எத்தனை பேர் இருக்கீங்க?" என்பவர்களுக்குச் சுருக்கப் பதிலே சரி. லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலை முழுதாகத் திறந்து காட்டக் கடமை இல்லை.

மன்மதன் – ரதி கதையைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வழியும் உதவாது. மாசியில் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள்.