கூலன்ட் லெவல் ஏன் எறங்குதுன்னு பாருங்க: கடலூர்–பாண்டி ஓட்டத்துல என் அனுபவம்

மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டிக்கு வேலைக்குப் போயிட்டு வர சில வருஷமா ஒரே செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார்தான் ஓட்டறேன். டயர் காத்து, ஆயில் எல்லாம் எல்லாரும் பாக்கறாங்க, இன்ஜின் சூட்ட எடுத்துட்டுப் போற திரவமான கூலன்ட் மட்டும் சர்வீஸ்ல பாத்துக்குவாங்கன்னு விட்டுடறாங்க, எனக்கு அது மனசு ஒப்பல. ஊத்தறது அஞ்சு நிமிஷ வேலை, யார் வேணா ஊத்தலாம். லெவல் ஏன் எறங்குச்சுன்னு தேடறதுதான் இன்ஜின காப்பாத்தும், அதனாலதான் இவ்ளோ விரிவா எழுதறேன்.

நம்ம ரோட்டுல ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரைக்கும் பிரச்சனை இல்ல, ஓடற வேகத்துலயே கூலன்ட்ட ஆத்தற ரேடியேட்டருக்கு காத்து கெடைச்சுடும். அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கம், மரப்பாலம்னு ஊர்ந்து போறப்போதான் சோதனை. கத்திரி வெயில், ஏசி ஓடுது, ஏசியோட கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாடியே ஒக்காந்து அதோட சூட்டையும் சேத்து உள்ள தள்ளுது, வண்டி நகரல, அப்போ ஃபேனும் கூலன்ட்டும் மட்டும்தான் இன்ஜினுக்குத் துணை. என் வண்டியில டெம்பரேச்சர் முள்ளு கெடையாது, வெறும் லைட்டுதான், குளிர்ச்சியா இருக்கறப்ப நீலம், சூடு ஏறிட்டா செவப்பு. செவப்பு வந்தா ஏற்கனவே லேட்டுன்னு அர்த்தம். அதுலயும் கூலன்ட் மொத்தமா ஒழுகிப் போயிருந்தா சென்சார் தண்ணியில முங்காம வெறும் ஆவியில நிக்கும், அப்போ அது சொல்றத நம்ப முடியாது. அதனால லைட்ட நம்பறதவிட கூலன்ட் டேங்க்க கண்ணால பாக்கறதுதான் எனக்கு நிம்மதி.

காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, சமதளத்துல நிக்கறப்ப பானெட்ட தொறந்து ரிசர்வ் டேங்க்க பாருங்க, மினிமம் மேக்ஸிமம் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். பழைய வண்டியில அந்த பிளாஸ்டிக் மஞ்சளாயிடும், உள்ள பழைய கறை ஒரு கோடு மாதிரி படிஞ்சிருக்கும், அதையே லெவல்னு நெனச்சுடுவோம். நான் போன் டார்ச்ச டேங்க் பின்னாடி வச்சு வண்டிய லேசா ஒரு ஆட்டு ஆட்டுவேன், ஆடற கோடுதான் நெஜமான லெவல், ஆடாதது கறை.

இன்னொண்ணு, நெறைய பேர் கவனிக்காதது. என் வண்டி மாதிரி ரேடியேட்டருக்கு தனி மூடி இருக்கறதுல, சூடானா கூலன்ட் விரிஞ்சு டேங்க்குக்கு போகும், ஆறினதும் திரும்ப ரேடியேட்டருக்குள்ள இழுத்துக்கும். அந்த மூடியோட ரப்பர் போயிடுச்சுன்னா போனது திரும்பாது, டேங்க் ஃபுல்லா காட்டும், ரேடியேட்டர் காலியா இருக்கும். அதனால மாசத்துக்கு ஒரு தடவையாவது, வண்டி ராத்திரி முழுக்க ஆறினப்புறம், மூடிய தொறந்து உள்ள கழுத்து வரைக்கும் நிக்குதான்னு பாத்துடறேன். சூடா இருக்கறப்ப தொறக்கவே கூடாது, மூடியில சுமார் 1 பார் பிரஷர் அடைஞ்சு கெடக்கும், தொறந்த நொடியில கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். சில வண்டியில டேங்க்கே பிரஷர்ல இருக்கும், அதுக்கும் இதே சட்டம்தான்.

நம்ம ஊருல பனியா பெய்யுது, தண்ணியே போதும்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்காலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா 107 பக்கம் போகும், அதுமேல மூடியோட பிரஷரும் சேந்தா 120ஐத் தாண்டும். துருப்பிடிக்காம இருக்க சேக்கற மருந்தும் அதுல இருக்கு. அதுக்காக தண்ணியே கலக்காத கூலன்ட்டா ஊத்தினா நல்லதுன்னு இல்ல, சூட்ட தூக்கிட்டுப் போறதுல தண்ணிதான் கெட்டிக்காரன், அதான் ரெண்டும் கலக்கறாங்க. கலக்கற தண்ணி டிஸ்டில்டு வாட்டரா இருக்கணும். கடலோரத்து போர் தண்ணி கொதிச்ச பாத்திரத்துல வெள்ளையா படியுமே, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும். நான் வண்டி வாங்கினப்ப டேங்க்ல இருந்தது செம்மண் கலர் தண்ணி, முன்னாடி வச்சிருந்தவங்க போர் தண்ணிதான் ஊத்தியிருக்காங்க. முழுக்க எறக்கி, கலங்கல் நிக்கற வரைக்கும் அலசி, ப்ரீமிக்ஸ் ஊத்தினேன். ப்ரீமிக்ஸ்னா கலந்தே வரும், அதுல மறுபடி தண்ணி சேக்காதீங்க.

கலர பாத்து மட்டும் கூலன்ட் வாங்காதீங்க. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், உள்ள இருக்கற மருந்துதான் முக்கியம், அது ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கு. வேற வேற ரகத்த கலந்தா துரு தடுக்கற பலம் கொறையும், சிலது கட்டி தட்டும்.

அப்புறம் ஒரு கோடையில, சில வாரத்துலயே லெவல் ஒரு விரல்கடை எறங்குச்சு. கீழ தரையில ஒரு சொட்டு இல்ல. திருப்பாப்புலியூர்ல வழக்கமா பாக்கற மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். "தம்பி, மூடி நல்லா இருக்கறப்ப இவ்ளோ போவாது, வேற எங்கயோ கசியுது, பம்ப் பக்கம் லைட் அடி"ன்னாரு. கூலன்ட்ட சுத்த விடற வாட்டர் பம்ப்புக்கு அடியில சின்ன ஓட்டை ஒண்ணு உண்டு, உள்ள சீல் தேஞ்சா அது வழியாத்தான் மொதல்ல கசியும், அந்த ஓட்டைய சுத்தி கூலன்ட் கலர்லயே காஞ்சு போன பொருக்கு. சூட்டுல சொட்டு கீழ விழறதுக்குள்ள காஞ்சுடுது, அதான் தரையில தடம் இல்ல. பம்ப் மாத்தினோம், அதுலேர்ந்து கோடு அசையறதே அரிது. வெறும் டாப்-அப்ல ஓட்டியிருந்தா எந்த நாள் மரப்பாலத்துல நின்னிருக்கும்னு சொல்ல முடியாது.

பம்ப், ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் எல்லாம் சரியா இருந்தும் எறங்குதுன்னா அது பெரிய கவலை. சைலன்சர்ல விடாம வெள்ளைப் பொகை, ஆயில் டீ கலர்ல பால் மாதிரி ஆகறதுன்னா ஹெட் கேஸ்கெட்டா, அதாவது இன்ஜினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீலா இருக்கலாம், மேல ஓட்டாம கொண்டு போய் காட்டிடுங்க.

வழியில செவப்பு லைட் எரிஞ்சா ஏசிய அணைச்சு ஓரங்கட்டி இன்ஜின நிறுத்துங்க, அரை மணி நேரமாவது ஆறட்டும். வேற வழியே இல்லன்னா குடிதண்ணி ஊத்தி மெக்கானிக் கடை வரைக்கும் போகலாம், அப்புறம் எறக்கிட்டு சரியான கூலன்ட் ஊத்திடணும்.

பழைய கூலன்ட்ட தெருவுலயோ வாய்க்கால்லயோ கொட்டாதீங்க, அது இனிக்கும், தெருநாய் நக்கினா கிட்னி போய் செத்துடும், கொழந்தைங்க கைக்கும் எட்டக்கூடாது. நான் மூடி இறுக்கின கேன்ல புடிச்சு மெக்கானிக் கடையிலயே குடுத்துடறேன்.