வன்னியில் மோக்கா பாத்திரம்: சில வருடப் பழக்கம்

அடுப்பில் வைத்துக் கோப்பி வடிக்கும் மோக்கா பாத்திரத்தின் பெட்டியில் மூன்று கோப்பை என்று எழுதியிருப்பதை நம்பி விருந்தாளிகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது இத்தாலியர் கணக்கு. அவர்கள் கோப்பை ஒன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர்தான். பால் கோப்பி குடிக்கும் நமக்கு அது இரண்டு பேருக்கே காணும். பிரான்சிலிருந்து வந்த மச்சாள் தந்த அலுமினியப் பாத்திரம் இது. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் காலைக் கோப்பி பெரும்பாலும் இதில்தான்.

அடியறையில் நீர், நடுவே வடியில் தூள். நீர் சூடேற, உள்ளே எழும் அழுத்தம் அதைத் தூளின் ஊடாக மேலறைக்குத் தள்ளும். இத்தாலியில் 1933இல் பியாலெத்தி வெளிக்கொணர்ந்த அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. கடை எஸ்பிரெசோ இயந்திரத்தின் அழுத்தம் 9 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இதில் ஒன்று, இரண்டு பார்தான். ஆகவே அந்த நுரை வராது. பாலைத் தாங்கும் தடித்த சாயம் வரும். எனக்கு அது போதும்.

தூள்தான் உண்மையான தலையிடி. நம் கடைத் தூள் வெந்நீரில் கலக்கி மண்டியை அடியில் விடுவதற்கென்றே மாவாக அரைக்கப்பட்டது. இதில் போட்டால் வடி அடைக்கும், மண்டியும் மேலே ஏறும். மல்லி, சுக்கு சேர்ந்த தூளுக்குக் கேத்தலே உத்தமம். மில்லில் அரைப்பிக்கலாம்தான், ஆனால் முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் கோப்பியும் காரும். எங்கள் வீட்டில் கொட்டையை வறுத்து உரலில் இடித்து அரிக்கும்போது, அரிதட்டில் நிற்கும் கப்பியை அம்மா எனக்கு ஒதுக்கிவிடுவார். நுண்தூள் அவருடைய கோப்பிக்கு. இருவருக்கும் வழக்கில்லை.

நீர், அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடுவதற்கென அடியறையின் பக்கத்தில் உள்ள பாதுகாப்பு வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும். தூளை நிரப்பலாம், அழுத்தக்கூடாது. தீயைக் குறைத்து வையுங்கள். சுவாலை அடியைத் தாண்டினால் கைபிடி கருகும். விறகடுப்பு வேண்டவே வேண்டாம். நம் காஸ் அடுப்பின் கால்கள் அகலமாதலால் சிறிய பாத்திரம் சரியும், ஒரு கம்பி வலை போட்டுக்கொள்ளுங்கள். மேலறை சீறத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் கசப்பு.

பாலை வேறாகக் காய்ச்சுங்கள். அடியறையில் பால் ஊற்றிப் பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். பால் அடிப்பிடித்து வால்வையும் அடைக்கும். ஒரு பங்கு சாயத்துக்கு இரண்டு பங்கு பசுப்பால், சீனி, பிறகு இரண்டு பேணிகளில் உயர்த்தி ஆற்றினால் நுரை தானே வரும். பால்மா என்றால் கொஞ்ச வெந்நீரில் தடிப்பாகக் கரைத்துச் சேர்க்கலாம். குடிக்கலாம், அவ்வளவுதான். பசுப்பாலின் மணம் அதில் இல்லை.

எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அடியறையிலும் வால்வைச் சுற்றியும் வெள்ளையாகப் படிகிறது. அவ்வப்போது தூள் போடாமல், தேசிக்காய்ப் புளி கலந்த நீரை மட்டும் ஒருமுறை கொதிக்கவிட்டுக் கழுவுவேன். இரும்பு நாரும் சாம்பலும் தொடக்கூடாது. கழுவியதும் கழற்றிக் காயவிடாவிட்டால் உள்ளே கறுக்கும்.

இரண்டு அறைகளும் பூட்டும் இடுப்பில் ஆவி கசிந்தால், பெரும்பாலும் அங்குள்ள ரப்பர் வளையம் காய்ந்து விறைத்துவிட்டது என்று அர்த்தம். இங்குள்ள கடைகளில் அந்த அளவு எனக்குக் கிடைக்கவில்லை. மச்சாளிடம்தான் மீண்டும் சொல்லியனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து யாரும் கொண்டுவருவதானால் இரண்டு வளையம் சேர்த்துக் கேளுங்கள். நான்கு பேர் இருக்கும் வீடென்றால் ஆறு கோப்பை அளவே கேளுங்கள், ஆனால் பெரியதில் பாதி நிரப்பிப் போட்டால் கோப்பி சரிவராது.