வளவுப் பஞ்சாயத்தா, மதுரை ஆலோசகரா?

திருமணமாகி ஒன்பதாவது ஆண்டில் எனக்கும் என் மனைவிக்கும் பேச்சு நின்றுபோனது. சேர்ந்துகொள்ள இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் பார்த்துவிட்டோம்.

முதலில், காரைக்குடி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஜமக்காளம் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள்: என் பெரியப்பச்சி, அவளுடைய அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்), பங்காளிகளில் இருவர். செலவில்லை, ஒரே பகலில் முடிந்தது. சீர், நகை, வீட்டுப் பங்கு என்று வழக்கு இருந்தால் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எங்கள் வழக்கு அப்படிப்பட்டதல்ல. “இவ்வளவு பெரிய வீட்டில் பேச ஆளில்லை” என்று அவள் சொன்னதற்கு, பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி மாட்டியவன் நான். பெரியவர்கள் அதை என் பக்கத்து நியாயமாகவே கணக்கில் சேர்த்தார்கள்!

இரண்டாவது வழி, மதுரையில் ஒரு குடும்பநல ஆலோசகர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அவருக்குக் கட்டணம் தனி. இருந்தும் என் கை அந்தப் பக்கம்தான் சாய்கிறது. காரணம் பராமரிப்பு. சமாதானமான பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது? பஞ்சாயத்துச் சமாதானத்தை ஊரே பார்த்துக்கொண்டது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் “இப்போது சரியாக இருக்கிறீர்களா?” சரி, சரி என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஆலோசகர் கொடுத்தது ஒரு பயிற்சி. ஒத்துணர்வு இல்லாமல் மனமாற்றம் இல்லை என்று 1957-இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழிவந்தது. ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர் பதில் சொல்வதற்கு முன், கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் “ஆமாம்” என்றால்தான் அடுத்த முறை.

“உனக்குத் தனிமையாக இருக்கிறது” என்றேன். இல்லை என்றாள். “நான் நேரத்தில் வீடு திரும்புவதில்லை.” அதுவும் இல்லை. மூன்றாவதாக, “நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் உனக்குத் தனிமை அதிகம்” என்றேன். தலையாட்டினாள். அதற்கு வாங்கி மாட்ட எனக்கு ஒரு பொருளும் தோன்றவில்லை.

இப்போது மதுரைக்குப் போவதில்லை. வாரம் இரண்டு இரவு எங்கள் அறையிலேயே நடக்கிறது. “என்ன, பாடமா ஒப்பிக்கிறீர்கள்?” என்று ஆத்தா ஒருமுறை கேட்டார்கள், அவ்வளவுதான்.

எட்டு மாத அனுபவம்தான். பணத்தாலோ மூன்றாம் மனிதராலோ வந்த விரிசலை இது தாங்குமா என்று சொல்ல நான் ஆளில்லை. அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். அதற்கு 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் 181 உதவி எண்ணும் இருக்கின்றன.

போன வாரம், தொலைக்காட்சிப் பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன்.

“நான் அப்படிச் சொன்னேனா?” என்றாள்.