ஷூ பாக்ஸா, ஆடா, மிஷன் ட்ரிப்பா, பார்ட்னர் ஸ்கூலா? ஒரு சின்ன எபிஸ்கோபல் ஸ்கூலுக்கு எது சரிப்பட்டு வரும்

எபிஸ்கோபல்னா ஆங்கிலிக்கன் சபையோட அமெரிக்கக் கிளை. அமெரிக்கால சின்ன எபிஸ்கோபல் டே ஸ்கூல்னா எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். கின்டர்கார்டன்லேர்ந்து எட்டாவது வரைக்கும் இருக்கும், ஒரு கிரேடுக்கு ஒரு செக்‌ஷன், மொத்தமே 150, 200 புள்ளைங்க, பக்கத்துலயே சர்ச், அந்த சர்ச்சோட ஹால்தான் லஞ்ச் ரூமும் டிராமா ரூமும். பெரிய ஸ்கூல் மாதிரி காசு புரளாது, ஆனா எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இப்படிப்பட்ட ஸ்கூல்ல, வெளியில இருக்கறவங்களுக்கு உதவறதப் பாத்துக்கற அவுட்ரீச் கமிட்டில உக்காந்தா வருஷா வருஷம் வர்ற ஒரே விவாதம், வெளிநாட்டுக்கு உதவின்னு நாம என்ன செய்யறது. பொதுவா நாலு யோசனை மேஜைக்கு வரும்: கிறிஸ்துமஸ் ஷூ பாக்ஸ், ஹைஃபர்ங்கற உதவி அமைப்பு மூலமா ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு மாடு வாங்கிக் குடுக்கறது, பெரிய பசங்கள கூட்டிட்டு மிஷன் ட்ரிப் போறது, அப்புறம் ஹைட்டி மாதிரி ஒரு நாட்டுல ஒரு ஸ்கூலோட பல வருஷத்துக்கு பார்ட்னரா இருக்கறது.

எவ்ளோ பணம் போகுதுங்கறத வச்சு மட்டும் இத அளக்கறது எனக்கு ஒத்து வரல. ரெண்டு விஷயம் பாக்கணும். நம்ம ஸ்கூலோட சாதாரண வாரத்துக்குள்ள அந்த வேல வந்து உக்காருதா, அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு “எங்களுக்கு இது வேணும், இது வேணாம்”னு சொல்ல வழி இருக்கா. இந்த ரெண்டையும் கையில வச்சுக்கிட்டுதான் நாலையும் பாக்கப் போறேன்.

ஸ்கூல் வாரம்னு சொன்னேன்ல, அதுல சேப்பல்தான், அதாவது ஸ்கூல் ஆராதனைதான், நடுநாயகம். எல்லா கிரேடும் ஒண்ணா உக்காரும், எட்டாவது படிக்கிற பையன் பக்கத்துல அவனோட கின்டர்கார்டன் பட்டி (buddy, அவனுக்கு ஜோடியா விட்ட சின்னப் புள்ளை) உக்காந்து காலாட்டிக்கிட்டு இருக்கும், மெழுகுவர்த்தி ஏத்தறது, சிலுவை தூக்கிட்டு போறது, வேத வாசிப்பு எல்லாம் புள்ளைங்கதான். அக்டோபர் 4 ஃபிரான்சிஸ் திருநாளை ஒட்டி நாய், பூனை, ஆமை எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து ஆசீர்வாதம் வாங்குவாங்க, சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பேன்கேக், டிசம்பர்ல ஒன்பது வாசிப்பும் கேரலும், அந்த ஆராதனை 1880ல இங்கிலாந்துல ட்ரூரோல ஆரம்பிச்சு 1918ல கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜுக்கு வந்து உலகம் பூரா பரவினது. இதுல முக்கியமான விஷயம் என்னன்னா அந்த பெஞ்சுல உக்காந்திருக்கறது எபிஸ்கோபல் குடும்பத்துப் புள்ளைங்க மட்டும் இல்ல, பாப்டிஸ்ட், கத்தோலிக்கர், யூதர், இந்து, முஸ்லிம், எந்த மதமும் இல்லாதவங்கன்னு எல்லாரும் இருப்பாங்க. யாரையும் மதம் மாத்தறதுக்காக நடத்தற ஸ்கூல் இல்ல இது. ஞானஸ்நான உடன்படிக்கைல ஒவ்வொரு மனுஷரோட கண்ணியத்தையும் மதிப்பேன்னு ஒரு வாக்கு வரும், 1979 ஜெபப்புத்தகத்துல இருக்கறது, எபிஸ்கோபல் ஸ்கூல்கள் தங்களப் பத்தி பேசறப்ப அதைத்தான் முன்னாடி வைப்பாங்க. வெளிநாட்டு உதவியும் அந்த வாக்குக்குள்ள நிக்கணும்னுதான் நான் எதிர்பாக்கறேன்.

இப்ப ஷூ பாக்ஸ். ஆபரேஷன் கிறிஸ்துமஸ் சைல்ட்னு சமாரிட்டன்ஸ் பர்ஸ் அமைப்பு 1993லேர்ந்து நடத்தறாங்க. ஒரு ஷூ டப்பாவுல பொம்மை, பென்சில், சோப்பு, சாக்ஸ்னு நிரப்பி, ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா, வயசு 2லேர்ந்து 4ஆ, 5லேர்ந்து 9ஆ, 10லேர்ந்து 14ஆன்னு ஒட்டி, நவம்பர் மூணாவது வாரம் குடுத்துடணும், டப்பாவுக்கு சுமார் 10 டாலர் அனுப்பற செலவும் சேத்து. சின்னப் புள்ளைங்களுக்கு இது ரொம்பப் புடிக்கும், அத நான் குறைச்சு சொல்லவே மாட்டேன், ஆறு வயசுக் குழந்தை இன்னொரு ஆறு வயசுக் குழந்தைக்காக கடையில நின்னு யோசிக்கறது நல்ல விஷயம்தான். ஆனா நவம்பரோட முடிஞ்சுது. டப்பா எந்த நாட்டுக்குப் போச்சுன்னு தெரிஞ்சாலே பெரிசு, வாங்கின புள்ளை என்ன நெனச்சுதுன்னு தெரிய வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதோட இது சுவிசேஷம் சொல்றதுக்கான திட்டம்னு அவங்களே வெளிப்படையா சொல்றாங்க, டப்பா வாங்கின புள்ளைங்களுக்கு அப்புறம் வேத வகுப்பும் வைக்கறாங்க. ஒரு சர்ச் அத விரும்பி செய்யறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, எல்லா மதத்துக் குடும்பமும் இருக்கற ஸ்கூல் அவங்க எல்லார் பேர்லயும் செய்யறப்பதான் இடிக்குது. அந்தப் பெற்றோர்கிட்ட முன்னாடியே தெளிவா சொல்லிட்டு செய்யணும், பல இடத்துல அது நடக்கறது இல்ல.

ஹைஃபர் இன்டர்நேஷனல் அதவிட பரவால்லன்னு சொல்லுவேன். டான் வெஸ்ட்னு ஒரு விவசாயி, ஸ்பெயின் உள்நாட்டுப் போர் சமயத்துல அகதிகளுக்கு பால் ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்தவர், பாலக் குடுக்கறதவிட பசுவையே குடுத்தா என்னன்னு யோசிச்சு ஆரம்பிச்சது, 1944ல முதல் தடவையா கிடாரிகள போர்ட்டோ ரிக்கோவுக்கு கப்பல்ல அனுப்பினாங்க. வாங்கின குடும்பம் முதல் பொட்டைக் கன்ன இன்னொரு குடும்பத்துக்கு குடுக்கணும், அந்த விதிதான் இதோட உயிர். இன்னிக்கு வாங்கறவங்க நாளைக்கு குடுக்கறவங்களா ஆகறாங்க, அதுல கண்ணியம் இருக்கு. ஸ்கூலுக்கும் வசதி, ரீட் டு ஃபீட்னு ஒரு திட்டம் இருக்கு, புள்ளைங்க எத்தன புத்தகம் படிக்கறாங்களோ அதுக்கு தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டுக்காரங்க காசு குடுப்பாங்க, லைப்ரரி டீச்சரே நடத்திடலாம். மதப் பிரச்சாரமும் கிடையாது. குறைன்னா, கேட்டலாக்ல ஒரு ஆடு 120 டாலர்னு இருக்கும், ஆனா அந்தக் காசு அந்த ஒரு ஆட்டுக்கே போகாது, மொத்த வேலைக்கும் சேர்ந்துதான் போகும், அத அவங்களே எழுதியும் வச்சிருக்காங்க. நேர்மையான ஏற்பாடுதான், ஆனா “நம்ம ஆடு எங்க இருக்கு, அதுக்கு என்ன பேரு”ன்னு ரெண்டாம் கிரேடு புள்ளை கேட்டா பதில் கிடையாது. உறவுன்னு ஒண்ணு அதுல உருவாகாது.

மிஷன் ட்ரிப்தான் கமிட்டில சூடு கிளப்பற விஷயம். ஏழாவது எட்டாவது பசங்கள ஸ்பிரிங் பிரேக்ல ஹோண்டுராஸ் மாதிரி எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயி ஒரு வாரம் சுவர் பூசறது, பெயிண்ட் அடிக்கறது, சின்னப் புள்ளைங்களோட விளையாடறது. போயிட்டு வந்த பசங்க சேப்பல்ல எழுந்து நின்னு பேசறப்ப பெரியவங்க கண்ணு கலங்கும், அந்த உணர்ச்சி பொய்யில்ல. ஆனா கணக்கு பாக்கணும்ல. டிக்கெட், தங்கறது, சாப்பாடு, இன்ஷூரன்ஸ்னு ஆளுக்கு 1,500லேர்ந்து 2,000 டாலர் சாதாரணமா ஆகும். ஹோண்டுராஸ்லயே வாழற சமூகவியல் பேராசிரியர் கர்ட் வெர் பீக், அமெரிக்கால இருக்கற கால்வின் காலேஜ்காரர் (இப்ப அது யுனிவர்சிட்டி), 1998 மிட்ச் புயலுக்கு அப்புறம் கட்டின வீடுகள வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2006ல வெளியிட்டார். வட அமெரிக்கக் குழுக்கள் வந்து கட்டின வீடும் உள்ளூர் ஆளுங்க கட்டின வீடும், குடியிருந்த குடும்பத்துக்கு பெரிசா எந்த வித்தியாசமும் இல்ல. ஆனா உள்ளூர்ல 2,000 டாலர்ல முடியற வீட்டுக்கு, குழு வந்து கட்டறப்ப பயணச் செலவோட சேத்து 30,000 டாலர் ஆகியிருக்கு. சரி, போயிட்டு வந்தவங்க வாழ்க்கையாவது மாறிச்சா, அதுக்கப்புறம் நிறைய குடுத்தாங்களான்னு பாத்தா, அதுலயும் நிலைச்ச மாற்றம் ரொம்பக் கம்மின்னுதான் வந்துது. ட்ரிப்ப ஆதரிக்கறவங்க எல்லாரும் முதல்ல படிக்க வேண்டிய ஆய்வுன்னு நெனக்கறேன்.

இன்னொரு சங்கடமும் இருக்கு, அது நம்ம ஸ்கூலுக்குள்ளயே இருக்கு. உதவித்தொகைல படிக்கிற புள்ளையால 2,000 டாலர் கட்ட முடியுமா? நிதி திரட்டி குடுத்தாலும் யார் யார் கேட்டு வாங்கினாங்கன்னு வகுப்புக்கே தெரியும். ட்ரிப் போகாத மத்த கிரேடுகளுக்கு அது ஒரு போட்டோ ஸ்லைடு மட்டும்தான். பட்டி கூட உக்காந்து சேப்பல் பாக்கற சமூகத்த ரெண்டா பிரிக்கற வேல எனக்குப் புடிக்கல. ஹோண்டுராஸ்ல போக நல்ல இடமே இல்லன்னு சொல்ல வரல, தெகுசிகால்பால எல் ஓகார் 1979லேர்ந்து எபிஸ்கோபல் சபையோட தொடர்புல ஏழைப் புள்ளைங்களுக்காக நடந்துட்டு வருது. பல வருஷம் பழகின உறவு ஒண்ணு இருந்து, அவங்களே வாங்கன்னு கூப்பிட்டு போறது வேற, ஊரே தெரியாம ஒரு வாரம் போயி பெயிண்ட் அடிச்சுட்டு வர்றது வேற.

என் ஓட்டு பார்ட்னர் ஸ்கூலுக்குத்தான், அதுவும் ஹைட்டிக்கு. அமெரிக்க எபிஸ்கோபல் சபையோட திருமண்டலங்கள்ல, அதாவது ஒரு பேராயருக்குக் கீழ வர்ற பகுதிகள்ல, உறுப்பினர் எண்ணிக்கைல பெரிசு ஹைட்டிதான், இது நிறைய அமெரிக்கர்களுக்கே தெரியாது. ஜேம்ஸ் தியோடர் ஹாலி, கறுப்பின போதகர், 1861ல அமெரிக்கால நியூ ஹேவன்லேர்ந்து ஒரு கூட்டத்தையே கூட்டிட்டு அங்க குடியேறினார், முதல் வருஷத்துலயே காய்ச்சல்ல அம்மா, மனைவி, ரெண்டு புள்ளைங்கள பறிகொடுத்தார், அப்படியும் திரும்பி வரல. 1874ல அவர் பேராயர் ஆனப்ப அமெரிக்க எபிஸ்கோபல் சபையோட முதல் கறுப்பினப் பேராயர் அவர்தான். அங்க பெரும்பாலான ஸ்கூல் அரசாங்கம் நடத்தறது இல்ல, சபைகளும் தனியாரும்தான் நடத்தறாங்க, எபிஸ்கோபல் திருமண்டலத்து ஸ்கூல்கள் மட்டும் 250க்கு மேல. கிராமத்து ஸ்கூலுக்கு தேவைப்படறது பொம்மை இல்ல. டீச்சர் சம்பளம் மாசா மாசம் வரணும், மத்தியானம் சோறும் பீன்ஸும் வேகணும். சம்பளம் நின்னா டீச்சர் போயிடுவாரு, சாப்பாடு நின்னா புள்ளைங்க வராது, அவ்ளோதான் விஷயம்.

தூரத்துலேர்ந்து டீச்சருக்குக் குடுக்கற காசு என்ன செய்யும்னு எங்க பாளையங்கோட்டைக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். சாராள் தக்கர்னு ஒரு இங்கிலாந்து அம்மா, கூடப்பொறந்தவர் மெட்ராஸ்ல சி.எம்.எஸ்.ங்கற இங்கிலாந்து மிஷன் சங்கத்தோட மிஷனரி, இவங்க இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. 1857ல அவங்க இறந்ததும் தோழிங்க பணம் திரட்டினாங்க, எங்க ஊர்ல பெண்கள டீச்சராக்கற பள்ளிக்கூடம் வந்துது, அது 1895ல காலேஜும் ஆச்சு. எங்க ஆச்சி அங்க படிச்சு டீச்சரானவங்க. ஆங்கிலிக்கன் சபையும் சேர்ந்து 1947ல உருவான சி.எஸ்.ஐ.லதான் (தென்னிந்தியத் திருச்சபை) நான் வளந்தேன், அதனால வாங்கற பக்கத்துலேர்ந்துதான் இந்தக் கேள்விய என்னால பாக்க முடியுது. அங்கேர்ந்து பாத்தா, யாரு வந்து சுவத்துக்கு பெயிண்ட் அடிச்சாங்கன்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல.

பார்ட்னர் வழிலயும் கஷ்டம் இருக்கு, பூசி மெழுக மாட்டேன். 2021 ஜூலைல ஹைட்டி ஜனாதிபதி மொயிஸ் கொலையானதுக்கு அப்புறம் கும்பல்கள் கை ஓங்கிடுச்சு, 2024 நவம்பர்ல தலைநகர் போர்ட்டோபிரின்ஸ்ல அமெரிக்க விமானம் மேல குண்டு பாஞ்சதும் அமெரிக்க விமானங்கள் அங்க போகவே தடை விழுந்துது, 2025 மார்ச்ல மிர்பலே ஊரையே தாக்கினாங்க. போயி பாக்க முடியாது, பணம் சுத்தி வளைச்சுதான் போகும், ரசீது லேட்டாகும். 2022 ஜூலைல எபிஸ்கோபல் சபை பேர்ல வந்த கண்டெய்னர்கள்ல துப்பாக்கி புடிபட்டது பெரிய செய்தியாச்சு, எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னு சபை மறுத்துது. அதனால பொருள் அனுப்பறதே வேணாம்ங்கறேன். பணம் மட்டும், அதுவும் பல வருஷமா ஹைட்டில வேல செய்யற சபைகளோட சேர்ந்து, திருமண்டல ஆஃபீஸ் வழியா, எந்த டீச்சருக்கு எவ்ளோன்னு பட்டியலோட.

இவ்ளோ கஷ்டத்துலயும் ஏன் இதுன்னா, ஸ்கூல் வாரத்துக்குள்ள முழுசா வந்து உக்காரறது இது ஒண்ணுதான். ஃபிரெஞ்சு கிளாஸ்ல கடிதம் எழுதலாம், அந்தப் பக்க ஹெட்மாஸ்டர் வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்புவாரு, “பெஞ்சு வேணாம், இந்த தடவ சம்பளத்துக்கே குடுங்க”ன்னு அவர் சொன்னா நாம கேக்கணும். ஆர்ட் கிளாஸ்ல போர்ட்டோபிரின்ஸ் ஹோலி ட்ரினிட்டி பேராலயத்துச் சுவர் ஓவியங்களப் படிக்கலாம், ஹைட்டி ஓவியர்கள் வேதாகமக் காட்சிய அவங்க ஊர் மனுஷங்களாவே வரைஞ்சது, 14 இருந்துது, 2010 ஜனவரி 12 பூகம்பத்துல போனது போக மிஞ்சினது மூணு. ஹைட்டின்னா பஞ்சம்னு மட்டுமே தெரிஞ்ச புள்ளைங்களுக்கு அது வேற ஒரு நாட்டக் காட்டும்.

காசுக் கணக்கும் பாத்துடலாம். 6,000 டாலர் இருக்குன்னு வைங்க. டப்பாவுக்கு சாமானும் அனுப்பற செலவும் சேத்து 35 டாலர்னா 170 டப்பா, ஹைஃபர் கேட்டலாக்ல 50 ஆடு, ட்ரிப்ல மூணு நாலு பசங்க. ஹைட்டி கிராமத்துல அதே காசு சில டீச்சர்களுக்கு பல மாசச் சம்பளம்.

எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லல. ரீட் டு ஃபீட் சின்ன கிரேடுகளுக்கு இருக்கட்டும், ஷூ பாக்ஸ் விரும்பற குடும்பம் சர்ச் வழியா குடுக்கட்டும். ஸ்கூல் பேர்ல போறது ஒண்ணே ஒண்ணா இருக்கணும், மூணு வருஷத்துக்காவது எழுத்துல வாக்கு குடுக்கணும், நம்ம ஹெட் மாறினாலும் சாப்ளின் (ஸ்கூல் போதகர்) மாறினாலும் அது நிக்கணும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துல வீட்டுக்கு வீடு காணிக்கை டப்பா, பேன்கேக் சப்பர் வசூல், தாத்தா பாட்டி தினத்துல ஒரு தட்டு, இதெல்லாம் இதுக்கே போகட்டும். ஹைட்டில ஸ்கூல் செப்டம்பர் அக்டோபர்ல திறக்கும், அதனால முதல் தவணை ஆகஸ்ட்லயே கிளம்பிடணும், நம்ம கமிட்டி கூட்டத்த ஸ்கூல் திறந்தப்புறம் வைக்காம மே மாசமே வைக்கணும்.