பத்து ரூபாய் காயினுக்குக் கமிஷன் கொடுக்காதீர்கள்: காட்பாடி, வேலூர் சின்னக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

காட்பாடி, வேலூர் பக்கம் தள்ளுவண்டி, டீக்கடை, பூக்கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பத்து ரூபாய் காயினை மாற்றித் தருகிறேன் என்று மொபெட்டில் ஒரு ஆள் சுற்றிக்கொண்டிருக்கிறார். நூறு ரூபாய்க்குக் காயின் கொடுத்தால் எண்பது ரூபாய் நோட்டாகக் கொடுப்பார். இரண்டு மாதம் முன்பு என் அம்மாவிடம் 640 காயினை எடுத்துக்கொண்டு 5,120 ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நஷ்டம் 1,280 ரூபாய்.

அம்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி விற்கிறார். காட்பாடியில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வருவார்கள். விடியற்காலையில் ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு இட்லி வாங்கிவிட்டுப் பத்து ரூபாய் காயினாக எண்ணிக் கொடுப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்து இது செல்லாது என்று சொல்ல அம்மாவுக்கு மனசு வராது. வாங்கிப் போட்டுக்கொள்வார்.

வாங்கியதை வெளியே தள்ளுவதுதான் பாடு. அரிசிக் கடையில் எடுக்க மாட்டார்கள். காய்கறிக் கடையில், "யக்கா, காயின் வேணாம், நோட்டா குடு" என்பார்கள். உளுந்து வாங்குகிற இடத்திலும் அதே கதை. இப்படியே ஏழெட்டு மாதத்தில் இரண்டு பால் பவுடர் டப்பா நிறைந்துவிட்டது. ஒரு காயின் 7.7 கிராம் வரும். 640 காயின் என்றால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அந்தக் கனம் வீட்டு மூலையில் சும்மா கிடந்தது.

அந்த ஆள் வந்த அன்று நான் ஊரில் இல்லை. வண்டி ஓரமாகச் சாக்கை விரித்து, டப்பாவைக் கவிழ்த்து, காயின்களைப் பிரித்துப் போட்டாராம். ரூபாய் அடையாளம் போட்டது ஒரு பக்கம், அது இல்லாதது ஒரு பக்கம். காயினில் கதிர் மாதிரி இருக்குமே, அந்தக் கோடு 15 இருப்பதைத் தனியாக எடுத்து, "இதெல்லாம் டூப்ளிகேட்மா, உனக்காகத்தான் இதையும் எடுத்துக்கிறேன்" என்று உதவி செய்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அப்புறம், "ரெண்டு மாசத்துல மொத்தமா செல்லாமப் போயிடும், நோட்டு போன மாதிரி" என்றும் சொல்லியிருக்கிறார். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டோடு வெயிலில் வரிசையில் நின்றவர் அம்மா. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சொன்ன ரேட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னது அத்தனையும் பொய். ரூபாய் அடையாளமே 2010இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த காயினில் அது எப்படி இருக்கும்? பத்துக் கோடு, பதினைந்து கோடு இரண்டுமே அரசு அடித்ததுதான். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாக அறிவித்தது: பத்து ரூபாய் காயின் 14 டிசைனில் வந்திருக்கிறது, பதினாலும் செல்லும். சந்தேகம் கேட்க 14440 என்ற இலவச எண்ணையும் அப்போதே கொடுத்தார்கள். இவ்வளவு நாள் ஆகியும் நம் பக்கத்தில் 'செல்லாது' என்ற பேச்சு மட்டும் போகவில்லை. 2022இல் அரூர்க்கார இளைஞர் ஒருவர் சுமார் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் காயினாகவே கொடுத்துச் சேலத்தில் கார் வாங்கிய செய்தி வந்ததே, அவர் அம்மாவும் கடைக்காரர்தான். அவர்களிடமும் யாரும் வாங்காமல்தான் காயின் வீட்டில் சேர்ந்திருந்தது.

காயின் சேர்ந்தால் நேராக வங்கிக்குக் கொண்டுபோங்கள். கணக்கில் காயின் போடுவதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. எந்தக் கிளையும் காயினை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆனால் நேரில் போனால் அவ்வளவு சுலபமாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் வந்துபோன பிறகு சேர்ந்த 200 காயினை நூறு நூறாகப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, அம்மா கணக்கு வைத்திருக்கும் கிளைக்கு நானே கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காயின் எடுக்கறதில்ல, எண்ண ஆளில்ல" என்றார். நான் சத்தம் போடவில்லை. "சரி சார், எடுக்க முடியாதுன்னு இந்தச் செலான் பின்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன். உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். இருபது நிமிஷம் உட்கார வைத்தார்கள், எண்ணினார்கள், 2,000 ரூபாய் முழுசாகக் கணக்கில் ஏறியது. ஒரு பைசா பிடித்தம் இல்லை. அன்றைக்கு நான் இல்லாமல் அம்மா மட்டும் போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

உங்களைத் திருப்பி அனுப்பினால் முதலில் அந்த வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், செலவு இல்லை. விவரம் கேட்க 14448.

கடைகள் கட்டாயம் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காயின்கள் 1,000 ரூபாய் வரைக்கும் செல்லுபடியாகும் பணம். ஐம்பது பைசாவும் பத்து ரூபாய் வரை செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழேயும்தான் 2011 ஜூன் 30இல் நிறுத்தப்பட்டன. ஆனால் காயினை வாங்காத கடைக்காரருக்கு இவ்வளவு தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. அதனால் கடை வாசலில் நின்று போலீஸைக் கூப்பிடுவேன் என்று மல்லுக்கு நிற்பதில் பலன் இல்லை. அரிசிக் கடைக்காரர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவரிடம் மண்டிக்காரர் வாங்குவதில்லை, அவர் எங்கே போவார்? நான் அவருக்கு வங்கி ரசீதைக் காட்டினேன். இப்போது அம்மாவிடம் வாரம் பத்துக் காயின் வாங்கிக்கொள்கிறார்.

அந்த ஆளுக்கு ஐம்பது வயசு இருக்கும். பெயரோ போன் நம்பரோ அம்மாவிடம் கொடுக்கவில்லை. காலைக் கூட்டம் கலைந்த பிறகு, கடையில் ஒருவர் மட்டும் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவார். பக்கத்து இளநீர்க் கடை அண்ணனிடமும் பூக்கார அக்காவிடமும் இதேபோல எடுத்திருக்கிறார் என்று விசாரித்த பிறகுதான் தெரிந்தது. மூன்று பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: மறுபடி வந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள், வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு எனக்குப் போன் போடுங்கள்.