அரானெட்4 கரியமில வாயு மானி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்னையில் கோடை தொடங்கிவிட்டால் எங்கள் படுக்கையறையின் ஜன்னல்கள் ஆவணி வரை திறக்கப்படுவதில்லை. ஏசி ஓடும், கதவுக்குக் கீழே குளிர் வெளியேறாமலிருக்க ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைப்போம். எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தாலும் தலைபாரமும் வாய் வறட்சியும் இருக்கும். தூசிதான் காரணம் என்று முடிவு கட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினோம். எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே வேண்டாம். கடைக்காரர் "அறைக்குள்ளேயே புதுக் காற்று கிடைக்கும்" என்று சொன்னதை நம்பினோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தூசி குறைந்தது, தும்மலும் குறைந்தது, தலைபாரம் அப்படியே இருந்தது.

அந்தப் புதிரை அவிழ்க்கத்தான் அரானெட்4 என்ற சிறு கருவியை வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் வரவழைத்தேன். லாட்வியா நாட்டுத் தயாரிப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி. இரண்டு பென்டார்ச் பேட்டரிகளில் ஓடுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய நான்கையும் மின்தாள் திரையில் காட்டும்; புளூடூத் வழியாகக் கைப்பேசிச் செயலியில் முந்தைய நாட்களின் வரைபடத்தையும் பார்க்கலாம். எல்லாமாகச் சேர்ந்து ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் ஆயிற்று. ஒரு எண்ணைக் காட்டும் பெட்டிக்கு இவ்வளவா என்று வீட்டில் எழுந்த கேள்வி நியாயமானதே.

முதல் இரவே அதற்கான விடை கிடைத்துவிட்டது. வெளிக்காற்றில் கரியமில வாயு இன்று பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு, அதாவது 420 பிபிஎம். இரவு பத்து மணிக்கு அறைக்குள் நுழைந்தபோது திரை 640 என்று காட்டியது. நடு இரவில் விழித்துப் பார்த்தேன், 1,700. காலை ஐந்தரைக்கு 2,310. பத்துக்குப் பதினொன்று அடி அறையில் நானும் மனைவியும் மகனும் விடும் மூச்சு போவதற்கு வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. நம் வீடுகளில் மாட்டப்படும் ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே திரும்பத் திரும்ப உள்ளிழுத்துக் குளிர்வித்து விடுகிறதே தவிர, வெளியிலிருந்து ஒரு துளி காற்றைக்கூடக் கொண்டு வருவதில்லை. சுத்திகரிப்பானின் வடிகட்டி நுண்துகளைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. இரண்டையும் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2,300 பிபிஎம் கரியமில வாயு நேரடி நச்சு அன்று. நாம் வெளிவிடும் மூச்சில் அந்த வாயு ஏறக்குறைய நான்கு சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் அளவுக்கு இருக்கிறது. ஆகவே அறையில் வெளிக்காற்றைவிட 1,900 பிபிஎம் கூடுதலாக இருந்தால், நாம் இழுக்கும் இருபது மூச்சில் ஏறத்தாழ ஒன்று, அந்த அறையில் ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு. வீட்டாரோடு இருக்கும்போது இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காசநோயும் கொரோனாவும் காற்றில் மிதக்கும் நுண்திவலைகள் வழியாகப் பரவுகின்றன என்பதை நினைத்தால், அலுவலகத்திலும் வகுப்பறையிலும் மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் இதே கணக்கு வேறு பொருள் கொள்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே, அறைக்காற்று கெட்டுவிட்டது என்பதற்கு 1,000 பிபிஎம் என்ற எல்லையை முன்வைத்தார். அரானெட்4 இன்றும் அதே எண்ணில்தான் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறது. 1,400-ஐக் கடந்தால் சிவப்பு.

சிந்திக்கும் திறனை இது பாதிக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரை ஆறு நாட்கள் ஓர் ஆய்வு அலுவலகத்தில் வேலை செய்ய வைத்துப் பார்த்தபோது, சுமார் 1,400 பிபிஎம் இருந்த நாளில் முடிவெடுக்கும் திறனுக்கான மதிப்பெண்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்விலோ, 15,000 பிபிஎம் வரை உயர்த்தியும் அப்படிப்பட்ட வீழ்ச்சி தென்படவில்லை. எனவே "இந்தக் கருவியை வாங்கினால் மூளை கூர்மையாகும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடைந்த காற்றின் அடையாளமாக மட்டும் அந்த எண்ணைக் கொள்வதே என் பழக்கம்.

வீட்டில் செய்த மாற்றம் மிகச் சிறியது. கதவடியில் வைத்த துண்டை எடுத்துவிட்டோம். ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து, குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டோம். காலை எண் 1,050-க்கும் 1,200-க்கும் இடையில் நிற்கிறது. மின் கட்டணம் சற்றுக் கூடியிருக்கிறது. தலைபாரம் பெரும்பாலான நாட்களில் இல்லை. இது மனப்பிராந்தியாகவும் இருக்கலாம் என்று மனைவி சொல்கிறாள், நான் மறுக்கவில்லை.

அலுவலகத்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. எட்டுப் பேர் அமரும் கூட்ட அறையில், பேச்சு தொடங்கி நாற்பது நிமிடத்தில் கருவி 2,100-ஐத் தொட்டது. மதிய உணவுக்குப் பிந்தைய கூட்டங்களில் எல்லோரும் கொட்டாவி விடுவதற்குச் சோற்றையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டடப் பராமரிப்பாளரிடம் காட்டியபோது, மத்திய ஏசியில் வெளிக்காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் தகடான டாம்பரை மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காகப் பல மாதங்களுக்கு முன்பே மூடிவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். மேலாளர் தலையிட்டுப் பாதி திறக்க வைத்தார். இப்போது அதே அறை, அதே எட்டுப் பேர், 1,100. வாயால் முறையிட்டிருந்தால் "ஏசி நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற பதிலோடு போயிருக்கும். திரையிலிருந்த எண்ணை அவரால் அப்படி ஒதுக்க முடியவில்லை.

கருவியின் உள்ளே இருப்பது அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கும் உணரி. குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைக் கரியமில வாயு உறிஞ்சிக்கொள்வதால், மறுமுனைக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதிலிருந்து அளவு கணக்கிடப்படுகிறது. இணையச் சந்தையில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் பல மலிவுப் பெட்டிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. சாராய ஆவியையும் வாசனைத் திரவியத்தையும் உணர்ந்து ஓர் எண்ணை ஊகித்துப் போடுகின்றன. சோதிப்பது எளிது: கைகழுவும் சானிடைசரைப் பக்கத்தில் திறந்து வையுங்கள், எண் துள்ளினால் அது போலி. அரானெட்4 அசையவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று வெளிக்காற்றில் அளவுதிருத்தம் செய்துகொள்வது நல்லது. விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாதபோது செய்கிறேன்.

இனி, இந்தக் கருவியின் எல்லை. இது நுண்துகளை அளக்காது; அளப்பதாகச் சொல்லவும் இல்லை. ஒரு மாலை கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்த கூடத்தில், கண் எரிய உட்கார்ந்திருந்தபோது, கருவி 560 என்று பச்சையில் நிம்மதியாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் கரியமில வாயு குறைவு. புகையோ மூக்கை நிறைத்தது. ஒரே சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. நண்பரிடம் நுண்துகள் மானியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, மீன் வறுவல், கடுகும் மிளகாயும் வெடிக்கும் தாளிப்பு ஆகிய மூன்றும் அதை ஒரு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேலே ஏற்றின. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சராசரிக்கு வகுத்திருக்கும் எல்லை 15. இந்தியத் தரநிலை 60. சமையலறை எக்ஸாஸ்டை அடுப்பு பற்றவைக்கும்போதே போட்டு, அணைத்த பின்னும் கால் மணி நேரம் ஓடவிடுவது என்ற ஒழுக்கம் இரவல் கருவி கற்றுத்தந்தது.

ஆகவே யார் வாங்கலாம் என்று கேட்டால், ஏசி அறையில் உறங்குபவர்களும், மூடிய அலுவலகம், வகுப்பறை, கிளினிக் போன்றவற்றை நடத்துபவர்களும் வாங்கலாம். லாரிகள் ஓடும் சாலையோரத்தில் ஜன்னல் திறந்த வீட்டில் இருப்பவர்களுக்கும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், முதலில் தேவை நுண்துகள் மானியும் நல்ல வடிகட்டியும்தான். புதுப் பிளைவுட் அலமாரியிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவின் வாசனையையும் இது கண்டுகொள்ளாது. ஒரு வீட்டுக்கு ஒன்று நிரந்தரமாக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வாரம் வைத்துப் பார்த்தால் வீட்டின் குணம் பிடிபட்டுவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்றை வாங்கிச் சுற்றுக்கு விட்டால் போதும்.

எட்டு மாதமாகியும் பேட்டரியை மாற்றவில்லை. கருவி இப்போது என்னிடமும் இல்லை. தங்கை தன் வீட்டு மாடியில் இருபது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன் அண்ணா என்று எடுத்துப்போனாள். முதல் நாள் மாலை 2,900 என்று படம் பிடித்து அனுப்பினாள்; மறுநாளே பின்பக்க ஜன்னலை அடைத்திருந்த பீரோவை நகர்த்திவிட்டாள். இரண்டு மாதமாகிறது, பெட்டி திரும்பி வரவில்லை.